பாட்டிலைத் திருப்புங்க பாஸ்!

‘எள்ளுன்னா எண்ணெயா நிக்கணும்’னு வீட்ல அட்வைஸ் வாங்காதவங்க உண்டா? இந்த வாரம் அந்த எண்ணெய் பத்திதான்.

‘எண்ணெய்’ங்கிற வார்த்தையே எள் + நெய்தான். கடலை, தேங்காய், சூரியகாந்தி எல்லாமே எள்ளோட பேரைக் கடன் வாங்கிட்டுத் திரியுதுங்க! மதுரையில் ராத்திரி இட்லிக் கடையில பொடி நடுவுல குழி பண்ணி ஊத்துறதும், தீபாவளியன்னிக்குத் தலையில வழியறதும் இதே நல்லெண்ணெய்தான். இதில் இயற்கையாவே இருக்கிற செசமின், செசமால் மாதிரி பொருட்கள், எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகாமப் பார்த்துக்கும். அம்மா ஊறுகாய்க்கு இதை ஊத்துற ரகசியம் புரியுதா?

இது போலீஸ் வேலையும் பார்த்திருக்கு. நெய்யில் வனஸ்பதி கலக்கிற ஆளுங்களைப் பிடிக்க, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கணும்னு நம்ம நாட்டுல விதி போட்டாங்க. சந்தேகமான நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினா, உள்ளே நல்லெண்ணெய் இருந்தா சிவந்து காட்டிக் கொடுத்துடும். கெமிஸ்ட்ரி மக்களே, இதுக்குப் பேர் பௌடுவான் சோதனை!

ஆனா, அடுத்தவன் திருட்டைப் பிடிக்கிற இந்த எண்ணெய் பேரைச் சொல்லியே நம்மளை ஏமாத்த முடியும். ரூம் எடுத்துச் சமைக்கிற பார்ட்டிகளே, இது உங்களுக்குத்தான். மளிகைக் கடையில விலை குறைஞ்ச பாட்டிலைப் பார்த்ததும் அள்ளிடாதீங்க. அது விளக்கு ஏத்துற எண்ணெயா இருக்கலாம். திருப்பிப் பாருங்க, ‘சமையலுக்கு அல்ல’ன்னு பொடி எழுத்துல இருக்கும். சமையல் எண்ணெய்னா உணவுப் பாதுகாப்புத் துறையோட 14 இலக்க உரிம எண் இருக்கணும். ரெண்டு எண்ணெய் கலந்ததுன்னா, அதையும் லேபிள்ல சொல்லியாகணும்.

‘எண்ணெயில என்ன பெருசா ஆயிடும்’னு நினைக்கிறீங்களா? 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஆயிரக்கணக்கானவங்க ஆஸ்பத்திரியில் படுத்தாங்க.

அழகு க்ரீமுக்கும் இதே ஃபார்முலாதான். ‘எள் எண்ணெய் சத்து நிறைந்தது’ன்னு முன்னாடி கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. பின்னாடி அதுக்கு ‘செசமம் இண்டிகம் சீட் ஆயில்’னு பேரு. அதிகமா இருக்கிற பொருள்தான் பட்டியல்ல முதல்ல வரும். நம்ம ஹீரோ கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தா, நீங்க காசு கொடுத்தது பெரும்பாலும் தண்ணிக்கும் வாசனைக்கும்தான்!

முன்பக்கம் அவங்க பேசுறது. பின்பக்கம் சட்டம் பேச வைக்கிறது. எதை நம்புறதுன்னு உங்களுக்கே தெரியும். வர்ட்டா!