பக்கவாதமும் படம் காட்டுதலும்

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோனவரின் மூளைப் படங்கள் இரண்டு. முதல் படம் வெறும் சாம்பல் நிறம். சிகிச்சைக்குப் பிறகு எடுத்த இரண்டாவதில் ஆரஞ்சுத் திட்டுகள். கீழே "மூளையில் புது இணைப்புகள் உருவாகிவிட்டன!" என்று ஒரு வரி. அறிவியல் செய்திகளிலும் சிகிச்சை விளம்பரங்களிலும் இந்த ஜோடிப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. படம் பொய்யில்லை, பாவம். அது சொல்லாததைச் சொன்னதாக எழுதும் அந்த வரிதான் பொய்.

எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி நரம்பு செல்லைப் பார்ப்பதே இல்லை. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் அது இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதை 1990இல் செய்ஜி ஒகாவா எலி மூளையில் காட்டினார். ஓர் இடத்தில் வேலை நடந்தால் சில நொடிகளில் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். கருவி பிடிப்பது அதைத்தான். புகையைப் பார்த்து அடுப்பெரிகிறது என்று சொல்வது போல. உள்ளே எத்தனை பேர், என்ன சமையல் என்பதெல்லாம் புகையில் தெரியுமா?

பக்கவாதமோ ரத்தக் குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் வருவது. அதாவது புகைபோக்கியே உடைந்த வீடு! குழாய் சுருங்கிய இடத்தில் செல்கள் உழைத்தாலும் ரத்தம் தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். வண்ணம் இல்லாததை வைத்து "அங்கே ஒன்றுமில்லை" என்று கைவிட்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

(2009இல் கிரெய்க் பென்னட் குழு ஒரு செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து மனிதர்களின் புகைப்படங்களைக் "காட்டியது". புள்ளிவிவரத் திருத்தம் செய்யாமல் போட்டால் செத்த மீன் மூளையிலும் வண்ணம் வரும் என்று காட்டத்தான்!)

அளவையும் பாருங்கள். ஹார்வர்டும் கூகுளும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 1 கன மில்லிமீட்டர் மனித மூளைத் துணுக்கில் சுமார் 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றே வைத்தாலும், 27 கன மில்லிமீட்டர். 400 கோடி சினாப்ஸ்களுக்கு ஒரே ஒரு நிறம்!

அதற்காக இணைப்புகள் மாறுவதே கட்டுக்கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கனடாவில் கிரெய்க் பிரவுன், டிமோதி மர்ஃபி குழுவினர் 2007இல் இதை நேரிலேயே பார்த்தார்கள். பக்கவாதம் உண்டாக்கிய எலிகளில், அடிபட்ட இடத்தை ஒட்டி, சினாப்ஸ் உட்காரும் நுண்முட்கள் முதல் இரண்டு வாரங்களில் பல மடங்கு வேகமாக முளைத்தன. ஆனால் அது மண்டையோட்டில் ஜன்னல் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தது. மனிதருக்கு அப்படிச் செய்ய முடியாது.

மனிதரில் சினாப்ஸை ஓரளவு நேரடியாக எண்ணிப் பார்க்கும் வழி 2016இல்தான் யேல் பல்கலைக்கழகத்தில் வந்தது. லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை ஒட்டுகிற அதே எஸ்.வி.2.ஏ. புரதத்தில் கதிரியக்கப் பொருளை ஒட்டவைத்து எடுக்கும் பெட் ஸ்கேன். அதிலும் தனித்தனி சினாப்ஸ் தெரியாது, அடர்த்தி மட்டும்தான். அந்தப் பொருளில் உள்ள கார்பன்-11 இருபது நிமிடத்துக்கொருமுறை பாதியாகிவிடும். பக்கத்திலேயே சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனையில் நடக்காத காரியம். விளம்பரப் படங்கள் இந்த வகை என்று நினைத்தால் அது அப்பாவித்தனம்.

ஸ்கேனே வேண்டாம் என்பதல்ல வாதம். அடைப்பா, கசிவா என்று முதல் மணி நேரங்களில் சொல்லும் சி.டி. ஸ்கேன் உயிரைக் காக்கும். பிந்தைய மாதங்களில், தேறுகிறாரா என்ற கேள்விக்கு வண்ணப் படத்தைக் காட்டிக் காசு கேட்பதுதான் அநியாயம். அந்தக் காசு பல நாள் பிசியோதெரபிக்கு ஆகும். 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேர். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள், கையில் கொஞ்சமாவது அசைவு மிஞ்சியவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையாலேயே 2 வாரம் வேலை செய்யவைத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. அளந்தது எதை வைத்து? பென்சிலையும் டப்பாவையும் எடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் ஒரு ஸ்டாப்வாட்ச், அன்றாட வேலைக்குக் கையை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று சில கேள்விகள்.