பரிசோதனை மட்டும் போதாது: எல்லையோரத் தெருச் சிறாரும் எச்.ஐ.வி. தடுப்பும்

பீகாரின் ரக்சாலிலிருந்து நேபாளத்தின் பீர்கஞ்சுக்குப் போக இரு நாட்டவருக்கும் விசா வேண்டாம். 1950 இந்திய–நேபாள உடன்படிக்கை திறந்து வைத்த வழி அது. வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளும் அவ்வழியேதான் வருகிறார்கள், ரயிலேறுகிறார்கள், திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்கு மருத்துவ உதவி செய்யத் திட்டமிடும் அமைப்புகள் கேட்பதால் எங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம்.

மருந்து தொடர வழி செய்யாத முகாமில் எந்தப் பிள்ளைக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. இரண்டு நாள் முகாம் போட்டு, ரத்தம் எடுத்து, முடிவைச் சொல்லிவிட்டுக் கிளம்புவது உதவியாகாது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். இந்தியா, நேபாளம் இரண்டும் 2004-இல் இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கின. ஆனால் பதிவேடுகள் தனித்தனி. ஓரிடத்தில் நில்லாத பிள்ளைக்கு இதுதான் பெரிய தடை. ஒரு நாட்டின் சிகிச்சை அட்டையை மறு நாட்டு ஏ.ஆர்.டி. மையம் ஏற்க வேண்டும். முகவரிச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. தொடக்க காலத்தில் தமிழ்நாட்டின் தாம்பரம் மருத்துவமனைக்கு ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்து மருந்து வாங்கிப் போனார்கள். மாநில எல்லையில் முடிந்தது நாட்டு எல்லையிலும் முடியும்.

அடுத்தது ஒப்புதல். இந்தியாவின் 2017 எச்.ஐ.வி. சட்டப்படி, சிறாரைப் பரிசோதிக்கப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்ப வேண்டும். நடைமேடையில் தூங்கும் பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? பாதுகாவலர் இல்லாத பிள்ளைகளுக்குப் பொறுப்பான குழந்தைகள் நலக் குழு அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்கிறோம். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில், பொறுப்பறிந்த 12 வயதுப் பிள்ளைகூடத் தம்பி தங்கையின் சிகிச்சைக்குப் பாதுகாவலராகலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. தம்பியை இடுப்பில் சுமந்து திரியும் அக்காவிடம் இதைச் சொல்ல ஒருவராவது வேண்டும்.

தடுப்பு என்றதும் விழிப்புணர்வு உரைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அது போதாது. இந்தப் பிள்ளைகளுக்குத் தொற்று வரும் முக்கிய வழிகளில் ஒன்று பாலியல் வன்கொடுமை. அது நடந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு வரும் குழந்தையிடம் எந்த ஆவணமும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்ட விதி. இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பசை முகர்வதில் தொடங்கிச் சிலர் போதை ஊசிக்கும் போகிறார்கள். காத்மாண்டுவில் 1991-லேயே சுத்தமான ஊசி மாற்றித் தரும் பணி தொடங்கிவிட்டது. வயதைக் காட்டி அதைப் பிள்ளைகளுக்கு மறுக்கக் கூடாது.

பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்கு அனுப்பவும் வேண்டாம். முகம் வெளியே தெரிந்தால், அந்தப் பிள்ளை தூங்கும் மூலையிலிருந்தும் விரட்டப்படும்.

குழந்தைகள் உதவி எண் இரு நாட்டிலும் 1098 தான். ரக்சாலில் அந்த அழைப்பை எடுப்பவரும் பீர்கஞ்சில் எடுப்பவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். முகாமுக்குத் தேதி குறிக்குமுன் அவர்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுங்கள்.