போனவர் பெயர் இருக்கிறது, இருந்தவர் பெயர் இல்லை

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியவர். திரும்பவே இல்லை. அவர் வழி வந்த பிள்ளைகள் போன வருஷம் டர்பனிலிருந்து எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் ஒரு பேரேட்டு நகல். அதில் அவர் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலிருந்த தழும்பு வரைக்கும் எழுதியிருந்தது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கு ஒரு எண் கொடுத்துப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வந்தவர்கள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. ஊரில் தங்கிவிட்ட அண்ணன் எப்போது இறந்தார்? அவர் மனைவி பெயர் என்ன? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

தேடிக் கிளம்பினேன். முதல் அலுவலகத்தில், "இறந்த தேதி சொல்லுங்க" என்றார்கள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் வந்திருக்கேன்."

"வருஷமாவது?"

பெரிய புயலடித்ததற்கு மறு வருஷம் என்பார் அப்பாயி. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அடுத்த அலுவலகத்தில், மாவட்டம் பிரிந்தபோது ஏட்டுக் கட்டுகள் புது மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்றார்கள். அங்கே போனால், இங்கே வரவில்லை என்றார்கள். எங்கள் பக்கம் பழைய வட ஆற்காடு. 1989இல் அது இரண்டானது. அதில் ஒன்று பிறகு வேலூர் ஆனது. 2019இல் வேலூரும் மூன்றானது. ஒவ்வொரு தடவையும் பலகை மாறியது. பழைய ஏடுகள் எந்த அறைக்குப் போயின என்று சொல்ல ஆளில்லை.

அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதியவர் கிராம முன்சீப். 1980இல் அந்தப் பதவியே போய், கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இத்தனை கை மாறிய ஏடு ஒன்றைக் கடைசியில் பார்த்தேன். பிரிக்கும்போதே ஓரம் உதிர்ந்தது. பிழைத்திருந்த வரியில் 'ஆண் குழந்தை, தகப்பன் முனுசாமி' என்றிருந்தது. பிள்ளைக்குப் பெயரில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் தெருவுக்கு நாலு முனுசாமி. இதில் எங்கள் கொள்ளுத்தாத்தா முனுசாமி யார்? கொள்ளுப்பாட்டியின் பெயரோ எந்தத் தாளிலும் இல்லை. எட்டுப் பிள்ளை பெற்றவள் அவள்.

நேட்டால் பேரேடு பாசத்தில் எழுதியதல்ல. விலை கொடுத்து இறக்கிய உழைப்பு கணக்கில் விட்டுப்போகக் கூடாதென்று எழுதியது. அந்தக் கணக்காவது இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிக் கொடுக்கிறது. சொந்த மண்ணில் உழுது தீர்வை கட்டிச் செத்தவருக்கு அதுகூட இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. மிச்சமிருக்கும் ஏடுகளை உதிர்வதற்குள் படமெடுங்கள். தேதி தெரிந்தால்தான் தேடலாம் என்றில்லாமல், ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேட வழி செய்யுங்கள். எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று அலுவலக வாசலில் ஒரு பட்டியல் ஒட்டுங்கள். டர்பன்காரர்கள் அடுத்த தையில் மறுபடி வருகிறார்கள். கொள்ளுப்பாட்டியின் பெயரை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.