பானையைக் கழற்றுங்கள்

எங்கள் தெருவில் பால்கனிக்குப் பால்கனி பின்ச் கூண்டு தொங்குகிறது. எல்லாக் கூண்டிலும் ஒரு மண் பானை; வருஷம் முழுக்க அதை யாரும் இறக்குவதே இல்லை. “எங்க ஜோடி மாசம் தவறாம முட்டை வைக்குது” என்கிறார்கள். இதில் என்ன பெருமையோ!

ஜீப்ரா பின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. அங்கே மழை பெய்து, புல் முளைத்து, விதை பிடித்தால்தான் கூடு, குஞ்சு எல்லாம். காய்ந்த மாதங்களில் சும்மா இருக்கும். நம் வீட்டிலோ தினையும் தண்ணீரும் தீர்வதே இல்லை. அதன் உடம்புக்கு 365 நாளும் மழைக்காலம்தான்.

கூடு கட்டுவதைப் பாருங்கள். கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு உள்ள ஆண்தான் நாரும் புல்லும் சுமக்கும். பெட்டை உள்ளே இருந்து ஒதுக்கும். முட்டையிட்ட பிறகும் நார் கிடைத்தால் ஆண் நிறுத்தாது. முட்டை மேலேயே மெத்தை போடும். அதன் மேல் பெட்டை மறுபடி முட்டையிடும். அடியில் கிடப்பதெல்லாம் வீண். முதல் முட்டையைக் கண்டதும் நார் போடுவதை நிறுத்திவிடுங்கள். தையல் நூல் எப்போதுமே கூடாது. காலில் சுற்றி விரலை அறுத்துவிடும்.

நாளுக்கு ஒன்றாக நாலைந்து முட்டை. இரண்டும் மாறி மாறி அடைகாத்து, 12 முதல் 14 நாளில் பொரிக்கும். மூன்று வாரத்தில் குஞ்சு வெளியே வரும், அலகு கறுப்பாகவே இருக்கும். தகப்பன் அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்த முட்டைக்குப் போய்விடுகிறது. ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து தீனியில் போதாவிட்டால் அதன் எலும்பிலிருந்து போகும். கடைசியில் ஒருநாள் முட்டை வெளிவராமல் அடைத்து, இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிடும். பல நேரம் டாக்டரிடம் போவதற்குள் முடிந்துவிடுகிறது. கடல் நுரை வைத்தால் தீர்ந்தது என்பார்கள். அது வேண்டியதுதான், ஆனால் ஓய்வுக்கு ஈடாகாது.

வருஷத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று தடவை பொரிக்கட்டும் என்பது என் கணக்கு. மாசியில் நான் கழற்றும் பானை ஆடி வரை பரணில்தான் கிடக்கும். குஞ்சு பார்க்கப் பேரனுக்கு ஆசை, காத்திருக்கட்டும். ஆணையும் தனிக் கூண்டுக்கு மாற்ற வேண்டும்; பானை மட்டும் போனால் சில பெட்டைகள் தினைக் கிண்ணத்திலேயே முட்டையிடும். குஞ்சுகளையும் காலத்தோடு பிரித்துவிடுங்கள். மூன்று மாதத்தில் ஜோடி சேரும், கூடப்பிறந்தது என்றெல்லாம் பார்க்காது.

கூண்டோடு பானையையும் சேர்த்து விற்கும் கடைக்காரர்களே, அதை எப்போது கழற்ற வேண்டும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.