பாட்டின் கீழே யாருடைய பெயர்?

1977ஆம் ஆண்டு விண்வெளிக்கு அனுப்பப்பட்ட இரண்டு வொயேஜர் விண்கலங்களிலும் பூமியின் ஒலிகளைச் சுமந்த தங்க இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதில் பாஹ், பீத்தோவன் ஆகியோரின் இசையோடு 'ஜொனி பி. கூட்' என்ற ரொக் அன்ட் ரோல் பாடலும் இடம்பெற்றுள்ளது. அதை எழுதிப் பாடியவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் சக் பெரி. அவருடைய கிட்டாரைப் பற்றியும் மேடையில் அவர் நடந்த வாத்து நடையைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பாட்டின் கீழே யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்ற வழக்கில், அவர் ஒரு காலத்தில் பறிகொடுத்தவராகவும் இன்னொரு காலத்தில் பிரதிவாதியாகவும் நின்றார்.

சக் பெரி 1926இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். தாய் பாடசாலை அதிபர். பதின்ம வயதில் ஆயுதக் கொள்ளையில் ஈடுபட்டுச் சீர்திருத்தச் சிறைக்குப் போனார். வெளியே வந்து கார் தொழிற்சாலையில் வேலை செய்தார், சிகையலங்காரமும் கற்றார். 1955 மே மாதம் சிக்காகோவின் செஸ் நிறுவனத்தில் அவர் பதிவுசெய்த 'மேபலின்' அவரை நாடறியச் செய்தது. காதலியின் காரைத் தன் காரில் துரத்திச் செல்லும் ஒருவனின் கதை அது. இளைஞர்கள் அன்றாடம் பேசும் பேச்சையே பாட்டாக்கினார். அந்தத் திறமையில் அவருக்கு இணையானவர் அன்று யாருமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இசைத்தட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவர் நியூயோர்க்கின் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் அலன் ஃபிரீட். மற்றவர் ரஸ் ஃபிராட்டோ, செஸ் நிறுவனத்தோடு வியாபாரத் தொடர்பு வைத்திருந்தவர். இருவரும் அப்பாட்டில் ஒரு சொல்கூட எழுதவில்லை. அறிவிப்பாளரின் பெயரைப் போட்டால் அவர் பாட்டை அடிக்கடி ஒலிபரப்புவார் என்பதுதான் கணக்கு. பெயர் வெறும் அலங்காரமன்று. பாடலாசிரியருக்குரிய உரிமைப் பணம் பெயர்களின்படியே பிரிக்கப்படும். முதற்கணக்கு கைக்கு வந்தபோதுதான் தன் பாட்டுக்கு வேறு ஆசிரியர்களும் இருப்பது தெரிந்ததாகப் பெரி சுயசரிதையில் சொல்கிறார். அந்தப் பெயர்கள் நீங்க 1986 வரை, அதாவது 31 ஆண்டுகள் ஆயின. குழுச் செயற்றிட்டத்தில் இரவிரவாக எழுதியவள் ஒருத்தியும், அட்டையில் பெயர் போட்டவர்கள் ஐவருமாக இருந்ததைக் கண்ட மாணவியருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1963இல் 'பீச் போய்ஸ்' குழு, பெரியின் 'சுவீட் லிட்டில் சிக்ஸ்டீன்' மெட்டில் புதிய சொற்களைப் போட்டு 'சேர்ஃபின் யூ.எஸ்.ஏ.' என்று வெளியிட்டது. அதிலும் முதலில் பெரியின் பெயர் இல்லை, பிறகே சேர்ந்தது. பிற்காலத்தில் முழுப் பணமும் கையில் வராமல் அவர் மேடையேற மறுத்ததைப் பேராசை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

அவர் நல்ல மனிதர் என்று சொல்ல வரவில்லை. 14 வயதுச் சிறுமியை மாநில எல்லை தாண்டி அழைத்துச் சென்ற குற்றத்துக்காக 1960களின் தொடக்கத்தில் சிறை சென்றார். நீதிபதியின் இனவெறிப் பேச்சால் முதல் தீர்ப்பு இரத்தானது உண்மை. மறுவிசாரணையிலும் அவர் குற்றவாளியாகவே காணப்பட்டார். இசை மேதை என்பதற்காக இதை அடிக்குறிப்பாக ஒதுக்கும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. எனினும் எழுதியவனுக்குரிய பெயர் நன்னடத்தைப் பரிசன்று. அது உழைப்பின் கூலி.

அந்தக் கூலியை ஜொனி ஜோன்சனும் கேட்டார். இவர் பியானோ கலைஞர். 1952இன் கடைசி இரவில், தன் குழுவில் ஒருவர் நோயுற்றதால் பெரியை வாசிக்க அழைத்தவரே இவர்தான். நாளடைவில் குழு பெரியின் குழுவாயிற்று. 1980களில் ஜோன்சன் செயின்ட் லூயிஸில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ்தான் அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பெரியின் பாடல்கள் பல கிட்டாருக்கு இலகுவான சுருதிகளில் இல்லை, பியானோவுக்குரிய சுருதிகளில் இருக்கின்றன என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

2000ஆம் ஆண்டு ஜோன்சன் வழக்குத் தொடுத்தார். சொற்கள் பெரியுடையவை, இசையில் தனக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். 2002இல் வழக்குத் தள்ளுபடியானது. காலம் கடந்துவிட்டது என்பதே காரணம். யார் இசையமைத்தார் என்பதற்கு நீதிமன்றம் விடை சொல்லவேயில்லை. சட்டத்துக்குக் கால எல்லை தேவைதான். ஆனால் தன் பாட்டைத் திரும்பப் பெற 31 ஆண்டுகள் காத்திருந்த ஒருவர், நண்பரிடம் நீங்கள் பிந்திவிட்டீர்கள் என்று சொல்லும் நிலையில் நின்றிருக்கக் கூடாது. நீதிமன்றத்துக்கு வெளியே அவருக்குக் கால எல்லை எதுவும் இருக்கவில்லை.

ஜோன்சன் 2005இல் காலமானார். அதன்பின் பெரி ஏறத்தாழ 12 ஆண்டுகள் வாழ்ந்து, 2017இல் தன் 90ஆவது வயதில் இறந்தார். வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த 'ரோல் ஓவர் பீத்தோவன்' பாடலின் கீழே இன்னமும் ஒரே பெயர்தான் இருக்கிறது.