அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பே வார்டுத் திட்டம் வேண்டும்: தேனி மாவட்ட நகராட்சிகளின் கடமை குறித்து எங்கள் நிலைப்பாடு

எங்கள் அமைப்பு கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களால் ஆனது. ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ஜீப் ஓட்டுநர்கள், திராட்சை விவசாயிகள், தள்ளுவண்டி வியாபாரிகள், தூய்மைப் பணியாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் இதில் இருக்கிறோம். கொரோனா காலத்தை மறந்துவிடத்தான் பலரும் விரும்புகிறார்கள். அந்த மனநிலை எங்களுக்கும் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் பட்டதை எழுதி வைக்காமல் விட்டால், அடுத்த தொற்றின்போதும் பாடத்தை முதலிலிருந்தே படிக்க நேரும். அந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை உயிர்கள்.

எங்கள் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் நகரவாசிகளின் உணவு, மருந்து, போக்குவரத்து, இறுதிச் சடங்கு ஆகிய நான்குக்கும் முதல் பொறுப்பு நகராட்சியுடையது. அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது என்ற திட்டம் வார்டு வாரியாக, பெயர்ப் பட்டியலோடு, நோய் வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். தினமும் மலையேறிப் பிழைக்கும் தொழிலாளி அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மலைக்குப் போகிறவர்கள்

விடிவதற்கு முன் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்குப் பிரியும் சாலையில் நின்று பாருங்கள். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்காலமென்றால் மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள் என்று பெண்கள் இருட்டிலேயே ஏறி உட்காருவார்கள். கூடலூர்க்காரர்கள் லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கும், போடிப் பக்கத்தவர்கள் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கமும் போவார்கள். காலையில் இடுக்கி மாவட்டம், பொழுது சாய்ந்தால் தேனி மாவட்டம். இவர்களுக்கு மாநில எல்லை தினமும் இரண்டு முறை கடக்கும் வழி.

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. எல்லைச் சாவடிகள் மூடின. அந்த வாரத்தில்தான், கேரள ஏலத்தோட்டத்திலிருந்து காட்டு வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த ராசிங்காபுரம் பகுதித் தொழிலாளர்கள் போடி மலையில் காட்டுத் தீயில் சிக்கினார்கள். ஒரு சிறு குழந்தை உட்பட உயிர்கள் போயின. அவர்களைக் கொன்றது தீ. அவர்களை அந்தப் பாதையில் நடக்க வைத்தது, ஊர் திரும்ப வேறு வழி இல்லாத நிலை. ஊரடங்கு தேவைதான் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வெளியே இருப்பவர் வீடு வந்து சேர ஒரு வண்டியும் ஒரு வழியும் ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

2021 ஆகஸ்டில் இன்னொரு சிக்கல். கேரளத்திலிருந்து தமிழகத்துக்குள் வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றோ, இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்று விதி வந்தது. விமானத்தில் வருபவருக்கு அது ஒரு நாள் வேலை. தினமும் போய்வரும் கூலிக்காரர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், மூன்று நாளுக்கொரு முறை மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு, முடிவு வரும்வரை கூலியை இழக்க வேண்டும். விதி எழுதியவர்களின் மனதில் அன்றாடம் எல்லை கடப்பவர் இல்லை. அவரைத் தெரிந்தது உள்ளூருக்கு மட்டும்தான். அன்றைக்கு உள்ளூரின் குரலாகப் பேச யார் இருந்தார்கள் என்பதே எங்கள் அடுத்த கேள்வி.

மன்றம் இல்லாத நகரங்கள்

தேனி–அல்லிநகரம், போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று நமது மாவட்டத்தில் ஆறு நகராட்சிகள். 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆக, கொரோனாவின் முதல் இரண்டு அலைகளிலும் இந்த ஆறு ஊர்களில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். கிராமங்களின் நிலை வேறு. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் முடிந்து, ஊராட்சித் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தார்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறினால் கிராமத்தில் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. நகரத்தில் அந்தக் கதவு இல்லை.

அலுவலர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடரும் கைத்தெளிப்பானுமாகத் தெருத்தெருவாக நடந்த தூய்மைப் பணியாளர்களையும், வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்த சுகாதாரப் பணியாளர்களையும் நாங்கள் மறக்கவே மாட்டோம். ஆனால் கடைசிச் சந்தில் தனியாக இருக்கும் பாட்டியை, ரேஷன் அட்டை இல்லாத குடும்பத்தை, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போக வேண்டியவரைக் கோப்பு அறியாது. தெருவில் வாழ்ந்து, தெருவிடம் ஓட்டு வாங்கியவருக்குத்தான் அது தெரியும்.

மலைக்கு அந்தப் பக்கம் இதை நேரில் பார்த்தோம். கேரளத்தில் ஊரடங்கின் முதல் வாரத்திலேயே உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் சேர்ந்து சமுதாயச் சமையற்கூடங்களைத் திறந்தார்கள். உள்ளாட்சி உயிரோடு இருந்ததால் அது முடிந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

நிவாரணமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். 2020-ல் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் ஏப்ரல் மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையில்லாமல் வந்தன. 2021-ல் புதிய அரசு இரண்டு தவணைகளாக 4,000 ரூபாயும், 14 வகை மளிகைப் பொருள்களும் தந்தது. நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, கடை வாசலில் வட்டம் போட்டு ஆளுக்கொரு வட்டத்தில் நிற்க வைத்தது நல்ல முறை. இரண்டாம் அலையில் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் வண்டிகளில் காய்கறி அனுப்பியதையும் வரவேற்றோம்.

ஓட்டைகளும் இருந்தன. அட்டை ஊரில், ஆள் மலையில் என்ற குடும்பங்களுக்கு அந்த அரிசி கைக்கு எட்டவில்லை. ஒரே நாடு ஒரே அட்டை தமிழகத்தில் நடைமுறைக்கு வந்ததே 2020 அக்டோபரில்தான். ஊராட்சிகளில் நூறு நாள் வேலை கைகொடுத்தது. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் விவசாயக் கூலிகளுக்கு அதுவும் இல்லை. கூடலூரிலும் கம்பத்திலும் அப்படிப்பட்டவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள்.

விவசாயிகள் பட்ட பாடு தனி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கு இது. ஆண்டு முழுக்கப் பன்னீர் திராட்சை பழுக்கும் ஊர். பழுத்த கொத்து பந்தலில் நாலு நாள் காத்திருக்காது. லாரி வராமல், வியாபாரி வராமல் பழம் கொடியிலேயே வெடித்து வண்டு மொய்த்தபோது, இரண்டு தெரு தள்ளி நோயாளிகளுக்குப் பழம் கிடைக்கவில்லை. இரண்டையும் இணைத்து வைக்க ஊரில் ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் போதும்.

மருத்துவத்தில் தூரமே பெரும் எதிரியாக இருந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. கூடலூர்க்காரர் அங்கே போய்ச் சேர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். மதுரை–போடி ரயில் பாதையும் அப்போது அகலப்பாதைப் பணிக்காக மூடிக் கிடந்தது. எல்லாமே ஆம்புலன்ஸ் கையில். தொற்றால் இறந்த ஒரு பெண்ணின் உடல், வண்டி வராததால் தள்ளுவண்டியில் கொண்டுபோகப்பட்ட செய்தி 2020-ல் கூடலூரிலிருந்துதான் வந்தது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதையும் பொதுச் சுகாதாரத்தின் பகுதிதான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

இந்த மண் கொள்ளைநோய்க்குப் புதிதல்ல. 1930-களின் தொடக்கத்தில் இங்கே பிளேக் வேரூன்றி இருந்ததால், அதை ஆராயவென்றே தனி ஆய்வு நடந்தது; ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1934-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய்க்கு எதிரான வேலை நோய் இருக்கும் ஊரிலேயே தொடங்க வேண்டும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கு அப்போதே கண்டிருக்கிறது.

நாங்கள் கோருவது

1. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பதிவேடு. தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், தொடர் சிகிச்சையில் இருப்போர், ரேஷன் அட்டை இல்லாதோர், மலை வேலைக்குப் போவோர் ஆகியோர் விவரம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை திருத்த வேண்டும். நோய் விவரம் சுகாதார அலுவலரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

2. எல்லைத் தொழிலாளர் அடையாள அட்டை. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் இரண்டும் ஏற்கும் ஒரே அட்டை. எல்லையிலேயே இலவசப் பரிசோதனை. எல்லையை மூடுவதற்கு முன் ஊர் திரும்ப அரசுப் பேருந்து. காட்டு வழியில் இனி ஒருவரும் நடக்கக் கூடாது.

3. சமையற்கூடம். ஊரடங்கு அறிவித்த 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு நகராட்சியிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் சமையற்கூடம் திறக்கப்பட வேண்டும். அட்டை கேட்காமல் சோறு போட வேண்டும்.

4. நிவாரணப் பொருள்களில் உள்ளூர் விளைச்சல். அரிசி, வாழை, காய்கறி, திராட்சை ஆகியவற்றைப் பள்ளத்தாக்கு விவசாயிகளிடமே நகராட்சி வாங்க வேண்டும். சந்தையை மூடுவதற்குப் பதிலாகப் பேருந்து நிலையத்துக்கும் பள்ளி மைதானத்துக்கும் பிரித்து நடத்த வேண்டும்.

5. கம்பம் அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கைகளும், பள்ளத்தாக்கின் தென்கோடிக்கென்று தனி ஆம்புலன்ஸ்களும் அமரர் ஊர்தியும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

6. நோய் கண்ட தெருவைத் தகரம் அடித்து அடைப்பதை நிரந்தரமாகக் கைவிட வேண்டும். தெரு முனையில் தகரத் தடுப்பு நின்றால் நோய் இருப்பவர் வெளியே சொல்லவே அஞ்சுவார். தடுப்புக்குப் பதில், அந்தத் தெருவுக்கென்று ஒரு தன்னார்வலரும் அவரது தொலைபேசி எண்ணும் போதும்.

7. தூய்மைப் பணியாளர்களுக்கு, ஒப்பந்தப் பணியாளர் உட்பட, முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உடை, தனிமைப்படுத்தலின்போது முழுச் சம்பளம், இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு.

எதிர்க் கேள்விகளுக்கு

பேரிடர் என்றால் மாவட்ட ஆட்சியர்தானே பொறுப்பு என்று கேட்பார்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆட்சியருக்கு அதிகாரம் தருவது உண்மை. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சிக்குக் கடமை விதித்திருப்பதும் உண்மை. உத்தரவு கலெக்டர் அலுவலகத்திலிருந்து வரட்டும். அது எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதை வார்டு சொல்லட்டும்.

கவுன்சிலர் கையில் பட்டியல் போனால் கட்சி பார்ப்பார்கள் என்ற அச்சமும் நியாயமானது. அதனால்தான் பட்டியலை மக்கள் முன் வைக்கச் சொல்கிறோம். 2022 முதல் நகரங்களிலும் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டப்படி வந்துவிட்டன. யாருக்கு உதவி போகும் என்பதை நோய் விவரம் தவிர்த்துப் பகுதி சபையில் வாசித்தால், விடுபட்டவர் அங்கேயே எழுந்து கேட்பார்.

நகராட்சியிடம் பணம் இல்லை என்ற பதிலை நாங்கள் முழுதாக ஏற்கவில்லை. ஆம்புலன்சுக்கும் ஆக்சிஜனுக்கும் மாநில அரசு நிதி தர வேண்டும். பதிவேட்டுக்கும், சமையற்கூட ஒப்பந்தத்துக்கும், இடுக்கியோடு பேசுவதற்கும் பெரிய நிதி தேவையில்லை.

2022 மார்ச்சில் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த இந்த ஆறு மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027-ல் நிறைவடைகிறது. அதற்குள் ஒவ்வொரு மன்றமும் பெருந்தொற்றுத் திட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். அந்தத் தீர்மானத்தில் இன்னொரு வரியும் சேர வேண்டும்: மன்றத்தின் காலம் முடிந்து தேர்தல் தள்ளிப்போனாலும், வார்டு பதிவேடும் வார்டு குழுவும் கலையாமல் செயல்பட அரசு வழி செய்ய வேண்டும். 2020-ல் நம் நகரங்களில் தட்டக் கதவு இல்லாமல் போன நிலை மறுபடி வரக் கூடாது. உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று கூடும் பகுதி சபைகளில் எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொரு வார்டிலும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுப்பார்கள். அன்று மலை வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தாவது வந்து கையெழுத்திடுங்கள் என்று பள்ளத்தாக்கு மக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.