வளரவில்லை என்று யார் சொன்னது? உடைகிறது!

"ஒகேனக்கல் போய்க் குளிச்சிட்டு வந்தா முடி பட்டாட்டம் இருக்குதுங்க டாக்டர். வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை தலைக்கு ஊத்தினா தேங்கா நார் மாதிரி ஆயிடுது. ஏனுங்க?"

கேட்டது ஒரு பெண்மணி என்று நினைத்தீர்களா? இல்லை. கல்லூரியில் படிக்கும் பையன். பக்கத்தில் அவன் அப்பா, முகத்தைச் சுளித்தபடி. "இவனுக்கு முடி வளர மருந்து வேண்டாம் சார். முடியை வெட்டிக்கிற புத்தி வர மருந்து இருந்தா குடுங்க!" என்றார்.

அப்படி ஒரு மருந்தை எந்தச் சித்தரும் எழுதி வைக்கவில்லையே!

ஆண்பிள்ளை முடி வளர்த்தால் வீட்டில் ஏன் இவ்வளவு ரகளை என்று எனக்குப் புரிவதில்லை. உங்கள் வீட்டுப் பழைய போட்டோவில் கொள்ளுத் தாத்தாவைப் பாருங்கள். குடுமி இருக்கும். கிராப்பு வைத்துக்கொண்டு வந்த பையனைத்தான் அன்றைக்குத் திட்டினார்கள். சிதம்பரம் தீட்சிதர்கள் இன்றும் குடுமியோடுதான் இருக்கிறார்கள். நம் தருமபுரிப் பக்கக் கூத்தில் பெண் வேஷம் கட்டுவதற்காகவே கூந்தல் வளர்த்தவர்கள் உண்டு. வேண்டுதல், புற்றுநோயாளிகளுக்கு விக் செய்ய முடி கொடுப்பது, வெறும் ஆசை என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அந்தப் பையனிடம் நான் காரணம் கேட்கவில்லை. தலையைக் காட்டு என்று மட்டும் சொன்னேன்.

"ஒண்ணரை வருஷமா வளர்க்கிறேன். தோளுக்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது" என்றான். அதற்குள் 'மூன்றே மாதத்தில் முழங்கால் வரை' என்கிற ரக எண்ணெய்கள் நான்கு பாட்டில் காலி. நல்ல காசு!

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். தலைமுடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர், அல்லது அதற்குச் சற்று மேலே வளரும். ஒண்ணரை வருஷத்தில் இருபது சென்டிமீட்டர் வரை வந்திருக்க வேண்டும். விக்குக்குக் கொடுக்க ஓரடி முடி வேண்டுமென்றால் இரண்டு, இரண்டரை வருஷம் பொறுக்க வேண்டும். எந்த எண்ணெயாலும் இந்த வேகத்தை இரட்டிப்பாக்க முடியாது. அந்தப் பையனுக்கும் வேரில் ஒழுங்காகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. நுனியில் அதே அளவு ஒடிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கு எது என்று நீங்களே பார்க்கலாம். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணிமேல் போடுங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால், அது வேரோடு உதிர்ந்தது. தினம் ஐம்பது முதல் நூறு வரை அப்படி உதிர்வது எல்லோருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். குமிழே இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால், அது உடைந்தது. உதிர்வதற்கு உடம்பைப் பார்க்க வேண்டும். உடைவதற்குத் தண்ணீரையும், துண்டையும், சீப்பையும் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர். எங்கள் மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைத்தார்கள். இங்கே முடி கொட்டினாலும் ஒடிந்தாலும், "எல்லாம் ஃபுளோரைடுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும்தான் பிடிக்கும். முடியை நாராக்குவது அதே தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பும் மெக்னீசிய உப்பும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது முடியிலும் படிகிறது. அதன்மேல் குளியல் சோப்பைப் போட்டால், சோப்பும் உப்பும் சேர்ந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சீப்பு இறங்காது. இழுப்பீர்கள். உடையும்.

காவிரித் தண்ணீரில் அந்த உப்பு குறைவு. அதோடு, ஒகேனக்கலில் மசாஜ்காரர் உச்சந்தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்த பிறகுதானே அருவிக்குப் போகிறீர்கள்? பட்டு ரகசியத்தில் பாதி அந்த எண்ணெய்!

வாரம் ஒருமுறை ஒகேனக்கல் போக முடியுமா? வேண்டாம். தலைக்கு சோப்புப் போடுவதை இன்றோடு விடுங்கள். எங்கள் பக்கத்து அரப்பு இருக்கிறதே, அதையோ சீயக்காயையோ வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் உப்புத் தண்ணீரில் அந்தப் பிசுக்கு வராது. கடைப் பொடி மணல் மாதிரி இருந்தால் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல்தான் பலர் "அரப்பு ஒத்துக்கலை" என்கிறார்கள். ஷாம்புதான் பழக்கம் என்றால் கொஞ்சமாகத் தலைத்தோலில் மட்டும் போடுங்கள். போர்வெல் தண்ணீரில் குளித்தாலும், கடைசி இரண்டு சொம்பு மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீராகவோ பிடித்து வைத்த மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும். இரண்டு சொம்பு பெரிய செலவா?

அடுத்தது, ஆண்கள் துண்டைப் பிடிக்கும் பிடி! கிராப்புத் தலையைத் துவட்டிப் பழகிய கை, நீள முடியையும் அப்படியே பரபரவென்று தேய்க்கிறது. ஈர முடி வலுக் குறைந்தது. இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துவிடும். பருத்தித் துண்டில் ஒற்றி எடுங்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். உங்கள் வீட்டு அம்மாவுக்கும் தங்கைக்கும் இது தெரியும். கேட்க வெட்கமென்றால் என்ன செய்வது?

பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை முடியில் போடாதீர்கள். துணி சுற்றிய பேண்டு போதும், அதுவும் தளர்வாக. இழுத்து இழுத்து உச்சிக் கொண்டை போடும் பையன்களுக்கு நெற்றி ஓரத்தில் முடி பின்வாங்குவதைப் பார்க்கிறேன். ஆரம்பத்திலேயே தளர்த்திக்கொண்டால் திரும்ப வரும். வருஷக்கணக்கில் இழுத்தால் வேரே போய்விடும்.

சரி, எண்ணெய். தேரையர் நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்றார். நமக்குப் புதனும் சனியும்கூட வாய்ப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது தலைக்கு வைத்து ஒரு மணி நேரம் ஊறிக் குளியுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். முடி உடையாமலிருக்கத் தேங்காயெண்ணெய் நல்லது. அது முடித்தண்டுக்குள்ளேயே இறங்கிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. செய்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள்தான். ஆனாலும் நம் பாட்டி சொன்னதோடு ஒத்துப்போகிறது!

அரை லிட்டர் தேங்காயெண்ணெயில் அதே அளவு கரிசாலைச் சாறு விட்டுச் சிறு தீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு அடங்கி, அடியில் நிற்கும் வண்டல் மெழுகு மாதிரி உருட்ட வந்தால் இறக்கி வடிகட்டலாம். நான் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் ஒன்று. இந்த எண்ணெய் இருக்கிற முடியைக் காக்கும். வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வந்த வழுக்கையைத் தைலம் தடுக்காது. மருந்து எதைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கக் கூடாதோ, அந்த அரசாங்கப் பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது, புது முடி முளைப்பதும் இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் சித்த வைத்தியத்தின் பெயரைப் பாட்டிலில் ஒட்டி, ஜடாமுடியோடு ஒரு படத்தையும் போட்டு விற்கிறார்கள். எங்கள் தொழில் சகோதரர்களே சிலர் அதற்குச் சிரித்துக்கொண்டு போஸ் கொடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

வேரோடு கொத்துக் கொத்தாகக் கொட்டினால் எண்ணெய் தேடி அலையாதீர்கள். டெங்கு, டைஃபாய்டு வந்துபோய் இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டும். தானாகவே அடங்கும். அடங்காவிட்டால் ரத்தசோகையும் தைராய்டும் பாருங்கள். ஹாஸ்டல் பையன்கள் காலை டிபனே சாப்பிடுவதில்லை. முடி என்பது முழுக்கப் புரதம். களி உண்ணுங்கள், தப்பில்லை. கூடவே கொள்ளுப் பருப்போ முட்டையோ கீரையோ இருக்கட்டும்.

நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் வெட்டிவிடுங்கள். வெட்டினால் வேகமாக வளரும் என்பது கட்டுக்கதை. பிளவு மேலே ஏறாமல் நிற்கும், அவ்வளவே.

வெட்டுவது என்று நான் சொன்னதும் அப்பா முகத்தில் ஒரு மலர்ச்சி! அரை அங்குலம் என்றதும் போய்விட்டது. அவரையும் ஒரேயடியாக ஏமாற்ற மனமில்லாமல், பையனிடம் ஒரு கண்டிஷன் போட்டேன். கொண்டை இடிக்கிறது என்று பைக்கில் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்து ஓட்டுகிறானாம். முடியைப் பிடரியில் தாழ்வாகக் கட்டு, மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் சுற்று, மேலே ஹெல்மெட்டை மாட்டு, பட்டையையும் போடு. அதைச் செய்தால்தான் எண்ணெய் தருவேன் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டியது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.